அமெரிக்காவில் ஒரு டி.பி. ஆஸ்பத்திரிப் பேய்: 63,000 பேர் செத்தது நிஜமா? சானடோரியம் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்களேன்

துரைப்பாக்கம் டெஸ்டர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அடுத்த மாதம் மூன்று மாத ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துக்குப் போகிறேன். ஏற்கனவே அங்கே இருக்கும் டீம் பசங்க, நான் போய் இறங்கும் முதல் சனிக்கிழமைக்கே 'வேவர்லி ஹில்ஸ்' என்ற பழைய டி.பி. ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டூர் டிக்கெட் போட்டுவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யூடியூபில் பார்த்தேன். குன்றின் மேல் ஐந்து மாடிக் கட்டடம், வளைந்து கிடக்கிறது, ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை. அங்கே 63,000 பேர் செத்தார்களாம். பிணங்களை இறக்க மலைக்குள்ளேயே ஒரு சுரங்கமாம். 502-ம் நம்பர் அறையில் ஒரு நர்ஸ் தூக்கு மாட்டிக்கொண்டாராம். பந்தை உருட்டிவிட்டால் திருப்பி உருட்டும் ஒரு சின்னப் பையன் வேறு இருக்கிறானாம்.

எனக்குப் பேய் பயம் இல்லை என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வேன். பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன், அது வேறு விஷயம்.

பிரச்சினை அம்மாதான். எங்கள் வீடு குரோம்பேட்டை. அம்மாவுக்குப் பேய்கூட இரண்டாம்பட்சம். "டி.பி. ஆஸ்பத்திரி சுவத்துல கிருமி ஒட்டிக்கிட்டு இருக்காதா? மூடிட்டா மட்டும் போயிடுமா?" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பாட்டி அதற்கு மேல். அவர் சின்ன வயதில் ரயில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்வரை பெட்டியில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். நான் தினமும் அந்த ஸ்டேஷனைப் பார்த்தே வளர்ந்தவள். சானடோரியம் என்றால் டி.பி. ஆஸ்பத்திரி என்று தெரியாமல், ஏதோ ஊர்ப் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்த 63,000 கணக்கில் எவ்வளவு உண்மை? கிருமி விஷயத்தில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் செய்கிறவர்களும் செய்துகொள்ளலாம்.

பஜ்ஜிப் பிரியன்:

காலேஜ் படிக்கும்போது அடையாறு உடைந்த பாலத்தில் பேய் பார்க்க நாலு பேர் ராத்திரி பதினொரு மணிக்குப் போனோம். பேய் வரவில்லை, போலீஸ் வந்தது. அப்புறம் ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனிக்குப் போனோம். அங்கே நாய் துரத்தியது. நம்ம ஊரில் பேய் பார்க்கக் காசு கேட்பதில்லை, செருப்புதான் போகும். நீங்கள் டாலர் கொடுத்துப் போகிறீர்கள், ஒரு ஆவியாவது கியாரண்டி என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒஹாயோ ஆற்றங்கரை:

நான் லூயிவில்லில்தான் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், சொந்த ஊர் மாம்பலம். ஊரிலிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் அங்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள். மூன்று தடவை ஆகிவிட்டது.

பெயரில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே எனக்குப் பிடித்த கதை அதுதான். அந்த இடத்தை 1883-ல் வாங்கியவர் தன் பெண் பிள்ளைகள் படிக்க அங்கேயே ஒரே ஒரு அறையில் பள்ளிக்கூடம் கட்டினார். வேலைக்கு வந்த டீச்சரம்மாவுக்கு வால்டர் ஸ்காட்டின் வேவர்லி நாவல்கள் என்றால் உயிர். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். குன்றுக்கும் அதுவே நிலைத்தது. பேய்ப் படத்துக்கு வைத்த மாதிரி கேட்கும் பெயர் கடைசியில் கதைப் புத்தகம் படிக்கும் ஒரு வாத்தியாரம்மா வைத்தது.

1910-ல் மரத்தால் கட்டிய சின்ன ஆஸ்பத்திரியாகத் திறந்தார்கள். நாற்பது, ஐம்பது நோயாளிகளுக்குத்தான் இடம். நீங்கள் யூடியூபில் பார்த்த பெரிய கட்டடம் 1926-ல் வந்தது, அதில் 400 பேருக்கு மேல் இருக்கலாம். 1961-ல் மூடினார்கள். அடுத்த வருஷமே அது முதியோர் காப்பகமானது. 1980-களின் தொடக்கத்தில் அரசு அதையும் மூடியது. அதற்குப் பின் இருபது வருஷம் கேட்பாரில்லை. ஜன்னலை உடைத்தது, சுவரில் கிறுக்கியது எல்லாம் அந்தக் காலத்துப் பசங்கதான், ஆவி இல்லை. நடுவில் வாங்கிய ஒருவர் அங்கே உலகத்திலேயே உயரமான ஏசு சிலை வைக்கப் பார்த்தார், பணம் சேரவில்லை. 2001-ல் வாங்கியவர்கள்தான் டூர் நடத்துகிறார்கள். அந்தக் காசு கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போகிறது.

பயம் எங்கே வரும் என்று கேட்டால், 502-ல் வராது. அங்கே கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். சுரங்கத்தில் வரும். சுமார் 500 அடி நீளம், சரிவாகக் கீழே இறங்கும், ஒரு பக்கம் படிக்கட்டு. டார்ச்சை அணைக்கச் சொல்வார்கள். என்னோடு வந்த மச்சான் அந்த இருட்டில் என் கையைப் பிடித்த பிடியில் வாட்ச் வார் அறுந்துபோனது. நல்ல ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள் தங்கச்சி, தரையெல்லாம் சிமென்ட் பெயர்ந்து கிடக்கிறது.

சளி லேப் சுந்தரம்:

அம்மாடி, எனக்கு வயது 67. முப்பத்து மூன்று வருஷம் டி.பி. ஆஸ்பத்திரி லேபில் சளி பார்த்தே காலம் தள்ளியவன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில் தெரியும். வீட்டில் இன்றைக்கும் சாப்பிடும்போது 'சளி' என்ற வார்த்தை வரக் கூடாது என்பது என் சம்சாரத்தின் உத்தரவு. இங்கேதான் மனம் விட்டுப் பேச முடிகிறது.

முதலில் உங்கள் அம்மாவுக்கு. டி.பி. கிருமி சுவரில் ஒட்டிக்கொண்டு ஆள் வரட்டும் என்று காத்திருக்காது. நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் வரும், அந்தக் காற்றைப் பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் தொற்றும். வெயில் பட்டால் செத்துப்போகும். இருட்டிலும் தூசியிலும் கொஞ்ச காலம் உயிரோடு கிடக்கும்தான். அதற்காக அறுபது வருஷமா? உலகத்தில் வருஷா வருஷம் புதிதாக டி.பி. வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் நாட்டில்தான். பயப்பட வேண்டுமென்றால் மகள் தினமும் நெருக்கியடித்துப் போகும் ஜன்னல் மூடிய பஸ்ஸுக்குப் பயப்படச் சொல்லுங்கள், லூயிவில் மலைக்கு வேண்டாம்.

அடுத்து அந்த 63,000. இதற்குப் பேப்பரும் பென்சிலும் போதும். அங்கே உதவி மருத்துவ அதிகாரியாக இருந்த ஒரு டாக்டர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரே வருஷத்தில் அதிகபட்சமாக இறந்தவர்கள் 152 பேர். இரண்டாம் உலகப் போர் முடிந்து, முற்றிய நோயோடு சிப்பாய்கள் திரும்பி வந்த சமயம் அது. சரி, 51 வருஷமும் அதே அளவு மோசமாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 152-ஐ 51-ஆல் பெருக்கினால் 7,752. அதுவே உச்ச வரம்பு, நிஜம் அதற்கும் கீழே. 63,000 வர வேண்டுமானால் வருஷத்துக்கு 1,235 பேர், தினம் மூன்று பேருக்கு மேல், நாற்பது கட்டில் இருந்த காலத்திலும் விடாமல் செத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து எழுதியிருப்பார், அடுத்தவர் அதை வீடியோவில் படித்திருப்பார். ஆனால் சில ஆயிரம் பேர் என்பதே லேசான கணக்கா என்ன? அதைச் சொன்னால் டிக்கெட் விற்காது போலிருக்கிறது.

சுரங்கம் பிணத்துக்காக வெட்டியதும் இல்லை. கீழேயிருந்து சாமான் ஏற்றவும், குளிர்காலத்தில் வேலையாட்கள் ஏறி இறங்கவும் போட்ட வழி. பிற்பாடு சவத்தையும் அதன் வழியாக இறக்கினார்கள். ஏன் தெரியுமா? பக்கத்துக் கட்டில்காரர் போவதைப் பார்த்தால் மற்றவர்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்று. நம்ம ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது மார்ச்சுவரிக்கு வாசல் முன்பக்கம் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கம்தான், தனி கேட். நாங்கள் அந்த கேட்டுக்கு வெளியே இருந்த கடையில்தான் டீ குடிப்போம். அதை யாரும் பேய் கேட் என்று சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் மருந்து என்று ஒன்று இல்லை. எலும்புருக்கி என்று நம்மவர்கள் சொன்னார்களே, அப்படியே ஆளை உருக்கும். நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, படுக்கையை விட்டு எழாத ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். வேவர்லியில் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய்த் திறந்த தாழ்வாரத்தில் படுக்க வைப்பார்கள், பனி காலத்திலும். உங்கள் யூடியூபில் தெரியும் அந்த ஓட்டைகளில் பாதி உடைந்த ஜன்னல் இல்லை அம்மா, காற்று வருவதற்கென்றே திறந்து கட்டிய தாழ்வாரம். மிஞ்சினால் நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். அதற்கும் மேல் போனால் விலா எலும்புகளை எடுத்துவிடுவார்கள். எனக்குப் பேய்க் கதையைவிட அந்த ஆபரேஷன்தான் வயிற்றைக் கலக்கும்.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக மருந்து வந்தது. இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. 1956-ல் சேத்துப்பட்டில் டி.பி. மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் அதே இடத்தில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சென்னையின் ஏழை ஜனங்களில் 193 நோயாளிகளை எடுத்து, சீட்டுக் குலுக்குகிற மாதிரி பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள், பாலும் முட்டையும் கிடையாது, ஓய்வும் கிடையாது. திடீரென்று வீட்டுக்கு ஆள் வந்து மூத்திரம் வாங்கிக்கொண்டு போவார்களாம், மாத்திரை நிஜமாகவே வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்துக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காற்றும் மலையும் வேண்டியதில்லை, மாத்திரையை ஒழுங்காக முழுங்கினால் போதும் என்று உலகத்துக்குச் சொன்னது சிந்தாதிரிப்பேட்டை, வியாசர்பாடி மாதிரித் தெருக்களில் இருந்த ஜனங்கள்தான். ஊர் ஊராக சானடோரியம் காலியானதற்கு மருந்து காரணம், அந்த மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம் என்ற தைரியத்துக்கு நாம் காரணம். ஆளில்லாமல் கிடந்தால்தானே பேய் குடிவரும்? தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்த சானடோரியம் இன்றைக்கும் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக நடக்கிறது. ஓ.பி. வரிசையில் நிற்கவே இடம் இல்லை, ஆவி எங்கே வந்து நிற்கும்?

இனி என் கதை. 1982, மார்கழி மழை. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். எங்கள் வளாகத்தின் ஓரத்தில் பழைய பெண்கள் வார்டு ஒன்று மூடிக் கிடந்தது. ஸ்டோராக வைத்திருந்தார்கள். அங்கே ராத்திரியில் ஒரு பொம்பளை இருமுவாள், இருமி முடித்ததும் வளையல் குலுங்கும் என்று ஆயாக்கள் சொல்வார்கள். அந்தப் பக்கம் இருட்டினால் ஒருத்தரும் போக மாட்டார்கள். நைட் டூட்டியில் எனக்குக் கண்ணாடி ஸ்லைடு தீர்ந்துவிட்டது. கரண்ட் வேறு இல்லை. ஸ்பிரிட் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். வீராப்பு இல்லை, சீனியரிடம் திட்டு வாங்கப் பயம்.

கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து இருமல். அடுத்து வளையல் சத்தம். விளக்கைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் அந்த இருமலின் முடிவில் இன்னொரு சத்தம் வந்தது, சின்னத் தகர டப்பா மூடுகிற 'டப்' சத்தம். தினம் அறுபது சளி டப்பா திறந்து மூடுகிறவன் நான், அது எனக்குத் தெரியாதா? பேய்க்கு எதற்கு டப்பா?

உள்ளே எங்கள் நைட் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். கோணியைப் போர்த்திக்கொண்டு, மடியில் அமுல் டப்பா, இடுப்பில் சாவிக்கொத்து. வளையல் அதுதான். விழுப்புரம் பக்கத்து ஆள், தற்காலிக வேலை. டி.பி. என்று தெரிந்தால் வேலை போய்விடும், ஊரில் இரண்டு பெண்களுக்கு வரன் வராது. ராத்திரி இருமல் வரும்போதெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். "பொம்பள பேயின்னு நான்தான் ஆயாகிட்ட மொதல்ல சொன்னேன் சார். பேய் இருக்குதுன்னா யாரும் வரமாட்டாங்கல்ல" என்றார். ஏழு மாசமாக, சுற்றிலும் டி.பி. டாக்டர்கள் இருக்கும் இடத்தில்!

அவர் டப்பாவையே வாங்கிக்கொண்டு போய் விடியும் முன் ஸ்லைடு போட்டேன், ரிஜிஸ்டரில் வேறு பெயர் எழுதினேன். செய்யக் கூடாதுதான். சிவப்புச் சாயம், அடியில் சூடு, ஆசிட், மேலே நீலம். மைக்ராஸ்கோப்பில் நீலத் தரையில் சிவப்புக் குச்சி குச்சியாக டி.பி. கிருமி, எண்ண முடியாத அளவு. மூணு பிளஸ்.

கணக்கு வாத்தியார், திருவல்லிக்கேணி:

லேப் சார், சௌரி முத்து பெயரைச் சொன்னீர்கள், ஒன்று சேர்க்கிறேன். அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியபோது நம் ராமானுஜன் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தார். ஊர் திரும்பி 1920-ல் ராமானுஜன் கண் மூடியதும் நீங்கள் சொன்ன அதே சேத்துப்பட்டில்தான், வயது 32. அவருக்கு வந்தது டி.பி.யே இல்லை, ஈரலில் அமீபா என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் ஆராய்ந்து எழுதினார். மாத்திரை சேத்துப்பட்டுக்கு வர 36 வருஷம் பாக்கி இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் 1729 என்ற ராமானுஜன் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்.

துரைப்பாக்கம் டெஸ்டர்:

அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கிருமி சமாதானமாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காரச் சொல்லிப் புது உத்தரவு வந்திருக்கிறது. டூருக்குப் போ, ஆனால் அந்தச் சுரங்கத்தில் மட்டும் இறங்காதே என்கிறாள். இறங்குவேன், அண்ணா, ஷூ வாங்கிவிட்டேன்.

லேப் தாத்தா, பாட்டி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த வாட்ச்மேன் என்ன ஆனார்? பாதியில் விட்டுவிட்டீர்களே. அந்தக் காலத்து ரயிலில் தானும் மூக்கைப் பொத்தியதாகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சளி லேப் சுந்தரம்:

பாட்டியிடம் சொல்லுங்கள், பிழைத்துக்கொண்டார். ஒரு டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு மாசம் ஊசி, அப்புறம் மாத்திரை, மொத்தம் ஒன்றரை வருஷம். ஊசியை நர்ஸ் ரூமில் போட்டால் தெரிந்துவிடும் என்று அந்தப் பழைய வார்டிலேயே நான் போட்டுவிடுவேன். லேப் ஆள் ஊசி போடலாமா என்று இங்கே யாராவது சட்டம் பேச வந்தால், நாற்பது வருஷம் தாண்டிவிட்டது, விட்டுவிடுங்கள். மூன்றாவது மாசமே சளியில் கிருமி இல்லை. 1986-ல் பெரிய பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார், போய்வந்தேன்.

ஆயாக்களிடம் நிஜத்தைச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் பேயை அப்படியே விட்டுவிட்டேன். போன வருஷம் பென்ஷன் வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு சின்னப் பையன், புது லேப் டெக்னீஷியன், என்னிடமே சொல்கிறான்: "சார், அந்த ஓரத்து பில்டிங்ல ராத்திரி ஒரு பொம்பள இருமுவா. வளையல் சத்தம் கேட்குமாம்."

டப்பா சத்தம் கேட்குமா என்று கேட்டேன். அது தெரியாது என்றான்.